எட்டு எண்ணும் வரை

எல்லாவற்றையும் சரிசெய்தாயிற்று, அந்தப் பாறையைத் தவிர. அருவியின் உச்சியில் வெயில் பட்டு வெளுத்துக் கிடந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்கி, உள்ளே ஒளிந்திருந்த தண்ணீர் இழைகளை வெளியே கொண்டுவந்தாயிற்று; லென்ஸின் முன்னால் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடி படம் முழுக்கப் பூசிவிட்ட நீலத்தைக் கழுவி, பாசிக்கு அதன் பச்சையையும் ஈர மண்ணுக்கு அதன் சிவப்பையும் திருப்பிக் கொடுத்தாயிற்று; யாரோ தின்றுவிட்டு வீசிய மிக்சர் பாக்கெட்டின் மேல் பக்கத்துப் பாறையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டியாயிற்று; வலது பக்கம் அரை விரற்கடை சரிந்திருந்த படத்தை நிமிர்த்தியாயிற்று. இதற்கெல்லாம் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆவுடையப்பன் மவுஸிலிருந்து வலது கையை எடுத்து மடியில் வைத்தார். வைத்தவுடன் அதன் மேல் இடது கையை வைத்தார். கணினியைப் பார்த்து ஏதோ யோசிப்பவர் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டார், அறையில் அவரைப் பார்க்க யாரும் இல்லாவிட்டாலும். பாறைக்கு என்ன? பாறை நன்றாகத்தான் இருக்கிறது. தோணிப்பாறை அருவி என்று அருவிக்கே பேர் கொடுத்த பாறை, தண்ணீர் விழும் இடத்துக்கு முன்னால் தோணி கவிழ்ந்தாற்போல் கிடப்பது, போன வாரம் அவரும் மனைவி வடிவும் போனபோதும் அப்படியேதான் கிடந்தது. ஆனால் படத்தில் இரண்டு தோணி. ஒன்றின் மேல் ஒன்று, ஒரு நூல் தள்ளி.

போனில் பார்க்கிற வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. குடும்பத்துக் குழுவில் போட்டதும், பாலை ஊற்றின மாதிரி இருக்கு அத்தான் என்று மச்சினன் எழுதினான். மகள் கோமதி புனேயிலிருந்து அன்றைக்கே கூப்பிட்டாள். புது வீட்டின் கூடத்துச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறதாம், மூன்றடிக்கு இரண்டடி பெரிதாக்கிச் சட்டம் போடப் போகிறாளாம், சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கப்பா, போனில் அனுப்புகிற பொடிப் படம் வேண்டாம், பெரியது. இன்றைக்குத்தான் சனிக்கிழமை. பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது. பெரிதாக்காமலே இருந்திருக்கலாம். அப்படி என்ன மூன்றடி, ஓரடியில் ஒரு படம் மாட்டினால் சுவர் கோபித்துக்கொள்ளுமா? ஆனால் கோமதி சின்ன வயதிலிருந்தே அப்படி, கோலம் போட்டாலும் அடுத்த வீட்டு வாசல் வரைக்கும் போவாள். அப்பா எடுத்த படம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். வருகிறவர்கள் கிட்டத்தில் போய்ப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார்கள். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கேமராவின் கண்ணை எட்டு நொடி மூடாமல் வைத்திருந்தால் ஓடுவதெல்லாம் பஞ்சாகும், நிற்பதெல்லாம் நிற்கும், அவ்வளவுதான். ஓடுகிற தண்ணீர் பஞ்சாகிவிட்டது. நிற்கிற பாறை நிற்கவில்லை. அப்படியென்றால் அந்த எட்டு நொடியில் பாறை அசைந்திருக்க வேண்டும், இல்லை, பார்த்த கண் அசைந்திருக்க வேண்டும்.

"முடிஞ்சுதா?" என்று அடுக்களையிலிருந்து வடிவின் குரல் வந்தது. முழுப் பெயர் சண்முகவடிவு. அவ்வளவு நீளமாகக் கூப்பிட அவருக்கு முப்பத்தாறு வருஷத்தில் பொழுது கிடைத்ததில்லை. "கோமதி ரெண்டு தடவ கூப்ட்டுட்டா."

"கலர் மட்டும் கொஞ்சம் பாக்கணும்."

"காலைலேர்ந்து கலரத்தான் பாக்கிய. தண்ணிக்கு என்ன கலரு?"

"அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"பாத்து முடிச்சா எனக்கும் சொல்லுங்க, தெரிஞ்சுக்கிடுதேன்."

பாலம்தான் அசைந்திருக்க வேண்டும். அருவிக்கு எதிரே போட்டிருக்கும் இரும்பு நடைபாலம், அதில் ஓர் ஆள் நடந்தாலே அதிரும், அன்றைக்கு ஒரு கூட்டமே நடந்தது, எண்ணெய் தேய்த்த முதுகுகளும் ஈரத் துண்டுகளும், பிளாஸ்டிக் வாளியோடு ஒரு குடும்பமும். மூன்று கால் ஸ்டாண்டை நட்டது அதன் மேல்தான். வேறு இடம் இல்லை. நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு வருஷம் கோணம் அளக்கிற கருவியை மூன்று காலில் நிறுத்தியவர் அவர். வரப்பில், சுடுகாட்டு மேட்டில், ஒருமுறை ஓடும் ஓடையின் நடுவில் மூன்று காலுக்கும் மூன்று சட்டி மணல் கொட்டி நிறுத்தியிருக்கிறார். அவர் நிறுத்தியது அசைந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. இரண்டு பங்காளிகள் அரிவாளோடு நின்றபோதுகூட கருவி அசையவில்லை, அவர் கையும் அசையவில்லை. அதனால் பாலம்தான். பாலம் என்று முடிவு செய்ததும் அவருக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது, எழுந்து போய் வடிவிடம், பாலம் அதிர்ந்துட்டு, படம் கெட்டுப்போச்சு, என்று சொல்லிவிடலாம் போலக்கூட இருந்தது. ஆனால் அளந்து பழகிய மனசு அப்படி எழுந்து போக விடாது. படத்தின் இடது மூலையில் பாலத்தின் கைப்பிடிக் கம்பி கொஞ்சம் தெரிந்தது. அதில் ஒரு திருகாணி. பாலம் அதிர்ந்திருந்தால் பாலத்தின் மேல் நின்ற கேமராவும் பாலத்தோடு சேர்ந்த கம்பியும் ஒன்றாகத்தானே அதிர்ந்திருக்கும்? ஒரே பஸ்ஸில் போகிற இரண்டு பேரில் ஒருவர் மற்றவருக்கு அசையாமல்தானே தெரிவார்? பாலம் குற்றவாளி என்றால் பாறை இரண்டாகும், கம்பி ஒன்றாகவே இருக்கும். அவர் அந்த மூலையைப் பெரிதாக்கினார். மெதுவாகப் பெரிதாக்கினார், திருகாணி ஒன்றாக இருக்கட்டும் என்று குலதெய்வத்தைக் கூப்பிடுகிற அளவுக்குப் போய், ஒரு திருகாணிக்காகவா என்று வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். திருகாணியும் இரண்டாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று, ஒரு நூல் தள்ளி.

அப்படியென்றால் பொத்தானை அழுத்திய விரல். கேமராவைத் தொடாமலே எடுக்கிறதற்கு ஒயர் ஒன்று உண்டு, நுனியில் பொத்தான் வைத்தது, அதை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனதால் விரலாலேயே பொத்தானை அழுத்தி, எட்டு எண்ணும் வரை அழுத்தியபடியே பிடித்திருக்கும்படி ஆயிற்று. மறதிதான் காரணம். அறுபத்திரண்டு வயதில் மறதி வராதா? மறதி என்றால் எல்லோரும் சிரிப்பார்கள், மறதியைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள், அதோடு போய்விடும். ஆனால் ஒயர் பையில்தான் இருந்தது. பக்கவாட்டுப் பையில், சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு. அன்றைக்குக் காலையில் அவரே வைத்தார். பாலத்தில் வைத்து அந்தப் பையின் ஜிப்பைத் தொட்டார், பிறகு திறக்காமல் விட்டார். இதை இதுவரைக்கும் அவர் தமக்கே சொல்லிக்கொண்டதில்லை. எட்டு நொடி தாங்குகிறதா பார்ப்போம் என்றுதான். யாருக்கும் தெரியாமல் ஒரு பரீட்சை வைத்துப் பார்ப்போம், தேறிவிட்டால் இத்தனை நாள் நினைத்ததெல்லாம் வீண் பயம் என்று ஆகிவிடும். பரீட்சை வைத்தது அவர், எழுதியது அவர் கை, திருத்துவதும் அவர்தான், மதிப்பெண்ணை மட்டும் ஒரு வாரமாகப் பார்க்காமல் வைத்திருந்தார்.

ஆடி மாதத்தில் தொடங்கியது. முதலில் கட்டைவிரல் மட்டும், டி.வி. பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டிருக்கும், ரவையில் கல் இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. நீயா செய்கிறாய் என்று விரலைக் கேட்டால் நின்றுவிடும். பார்க்காவிட்டால் மறுபடி. வாழ்நாள் சான்றுக்காகத் தபால்காரப் பெண் விரல்ரேகை பதிகிற இயந்திரத்தை வீட்டுக்கே கொண்டுவந்தாள், ஓய்வூதியக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒருமுறை காட்டவேண்டுமே, அதற்காக. கட்டைவிரலை வையுங்க ஐயா. வைத்தார். இயந்திரம் சிவப்பாக மின்னியது. அழுத்தாதிய ஐயா, சும்மா வைங்க. சும்மா வைத்தார். சிவப்பு. அசைக்காம வைங்க ஐயா, அசையுதுல்லா. நான்காவது தடவைக்குப் பிறகு அந்தப் பெண்ணே, அந்தக் கைய விடுங்க, இந்தக் கைய வைங்க என்றாள், இடது கை வைத்த மாத்திரத்தில் பச்சை. ஐயா உயிரோட இருக்கியன்னு வந்துட்டு, என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் இரவு படுத்ததும் அந்தச் சிரிப்பு போய், ஆறுமுகநயினார் வந்தார். ஒரே அலுவலகத்தில் இருபது வருஷம் பக்கத்து மேஜை, வரைபடத்தில் அவர் இழுக்கிற மசிக்கோடு தலைமுடியைவிட மெல்லிசாக இருக்கும். அவருக்கும் இப்படி விரலில்தான் தொடங்கியது. கடைசியாகப் பார்க்கப் போனபோது அவர் மனைவி ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பழைய தாசில்தார் ஒருவரைப் போல் பேசிக் காட்டி ஆவுடையப்பன் அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். நயினாரின் தோள் மட்டும் குலுங்கியது. முகம் சிரிக்கவில்லை. சிரிக்கிறார், சிரிக்கிறார், என்று அந்த அம்மாள்தான் சொன்னாள், முகத்துக்கும் சேர்த்து. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவருக்கு நயினாரை நினைத்து வருத்தம் வரவில்லை, அந்த அம்மாளை நினைத்துத்தான் வந்தது. வடிவுக்கு அப்படி ஒரு வேலை வரக்கூடாது. அவள் சொல்லி அவர் சிரிக்கிறது தெரியவேண்டிய நிலைமை வரக்கூடாது. சொல்லாமல் இருக்கிறவரைக்கும் அது வராது என்று புத்தி சொல்லவில்லை, ஆனால் வாய் அப்படித்தான் நம்பியது போலிருக்கிறது, ஆடியிலிருந்து ஐப்பசி வரை அது திறக்கவே இல்லை.

கூர்மையைக் கூட்டிப் பார்த்தார். மென்பொருளில் அதற்கு ஒரு கோடு உண்டு, வலப்பக்கம் தள்ளத் தள்ளப் படத்தின் விளிம்புகள் கூராகிக்கொண்டே வரும். தள்ளினார். இரண்டு தோணிகளும் கூர்மையாயின. இன்னும் தள்ளினார், இரண்டு திருகாணிகளும் இப்போது மரை எண்ணலாம் போல் தெளிவாகத் தெரிந்தன. பின்னால் இழுத்துவிட்டு, இரண்டு தோணியில் ஒன்றை அழித்துவிடலாம் என்று தோன்றியது. எதை அழிப்பது? கீழேயிருப்பதுதான் பொய் என்று ஒரு கணக்கில் வைத்துக்கொண்டு அதன் முனையைத் துடைத்தார், அங்கே ஈரப் பாறையின் மினுக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டினார், நன்றாகவே வந்தது, கை மவுஸைப் பிடித்து நகர்த்துகிறபோது அவ்வளவாக நடுங்குவதில்லை, சும்மா இருந்தால்தான். அரை மணி நேரத்தில் தோணி ஒன்றாயிற்று. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். தோணி ஒன்று. அதன் பின்னால் நாணல் இரண்டு. அதற்குப் பின்னால் பட்ட மரத்தின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தங்கச்சிக் கிளை. அதற்கு அந்தப் பக்கம் மலையின் விளிம்பே இரண்டு. இதைத் துடைத்து முடிக்கக் கார்த்திகை ஆகிவிடும். அப்படியே முடித்தாலும் கோமதி வீட்டுச் சுவரில் ஒரு படம் சரியாக இருக்கும். மடியில் கிடக்கிற இதை எந்தப் பாறையிலிருந்து துண்டு எடுத்து ஒட்டி மறைப்பது?

மற்ற படங்களை அவர் இன்னும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. மொத்தம் பதினொன்று எடுத்தது. வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று ஆறாவதைத் தேர்ந்தெடுத்தார், அதோடு சரி. பார்த்தால் ஒரு படத்தின் குற்றம் பதினொரு படத்தின் குற்றமாகிவிடும். ஆனால் ஒரு கோணத்தை ஒரே தடவை வாசித்துவிட்டு எழுதுகிறவன் அளவைக்காரன் இல்லை. கருவியைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை வாசிக்கவேண்டும், இரண்டும் ஒத்துப்போனால்தான் அது கோணம், அதுவரைக்கும் வெறும் எண். வேலையில் இருந்த காலமெல்லாம் மழையோ வெயிலோ இதை அவர் விட்டதில்லை. இப்போது தம்முடைய விஷயம் என்றதும் விட்டுவிடுவதா? முதல் படத்தைத் திறந்தார். இரண்டு தோணி. இரண்டாவது, மூன்றாவது, இரண்டு தோணி. நான்காவதில் கொஞ்சம் அதிகம். ஐந்தாவதில் குறைவு, அதனால் ஒரு நம்பிக்கை, ஏழாவதில் அந்த நம்பிக்கை போயிற்று. எட்டாவதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஒன்பதாவது கெட்டுப்போன படம், அது எடுத்தபோதே தெரியும், திறக்கவேண்டாம் என்று தாண்டிப் பத்தாவதுக்குப் போனவர், தாண்டக்கூடாது என்று திரும்பி வந்தார். பதிவேட்டில் ஒரு வரியை விட்டு எழுதக்கூடாது.

ஒன்பதாவது படத்தில் தோணி ஒன்றுதான் இருந்தது.

அவர் பெரிதாக்கினார். தோணியின் மேல் கறுப்பாக ஓடிய வெடிப்பு ஒற்றைக் கோடாக இருந்தது. இன்னும் பெரிதாக்கினார். நாணல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது, பட்ட மரத்தின் கிளைகளுக்குத் துணை யாரும் இல்லை, மூலையில் திருகாணி ஒன்றே ஒன்று. தண்ணீர் மட்டும் பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்தது. வலது ஓரத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல் காற்றில் பறந்தது, வடிவின் முந்தானை. அப்படியானால் அந்த எட்டு நொடி மட்டும் கை நடுங்கவில்லையா? சந்தோஷம் மார்பு வரைக்கும் ஏறிவிட்டது. ஏறியதைப் பிடித்து நிறுத்தி, என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். பொத்தானில் விரலை வைத்து அழுத்தப் போகிற நேரம். பின்னாலே நின்றவள், ஐயோ வழுக்குது, என்று அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். திடுக்கிட்டதில் பொத்தான் அழுந்திவிட்டது. ஏட்டி, படத்தக் கெடுத்தியே, என்று அவர் கத்தினார், கத்திக்கொண்டே பழக்கத்தில் எண்ணவும் ஆரம்பித்துவிட்டார். ஒரு கணம் திடுக்கிட்டது எட்டு நொடிப் படத்தில் பதியாது, விடாமல் ஆடுவதுதான் பதியும், அது சரி. ஆனால் அவள் வழுக்கினது எங்கே? பாலத்தின் தகடு முழுக்கப் புடைப்புப் புடைப்பாக, செருப்பைப் பிடித்துக்கொள்கிற தகடு. அதுவும் அன்றைக்குப் பட்டை வெயில், காய்ந்து சுட்டது. வழுக்குகிறவள் கைப்பிடிக் கம்பியையல்லவா பிடிப்பாள், கம்பி பக்கத்தில்தானே இருந்தது? தன் முழங்கையைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு இவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். குழந்தையின் ஜுரக் கையைப் பிடிப்பதுபோல் மெதுவாக இல்லை, ஊறுகாய் ஜாடியைப் பிடிப்பதுபோல் நல்ல அழுத்தமாக. அதோடு அவர் எண்ணும்போது அவளும் எண்ணினாள். வாய்க்குள்ளே. ஆறு, ஏழு, எட்டு. எண்ணி முடித்து அவர் விரலை எடுத்த பிறகு, மெதுவாகக் கேட்டாள், விடலாமா?

விடலாமா என்று கேட்டாள். இதை எப்படி ஒரு வாரமாக மறந்திருந்தார்? வழுக்கி விழப் போகிறவள் யாராவது, விடலாமா என்று கேட்டுவிட்டா விடுவாள்?

அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். வடிவு தரையில் கால் நீட்டி உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல்களில் எண்ணெய். ஒவ்வொரு பூவாகப் பிரித்து, உள்ளேயிருக்கும் வேகாத நரம்பை, அந்தக் கள்ளனைக் கிள்ளி ஒரு பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வேலை எப்போதும் இரண்டு பேருமாகச் செய்வது. ஆடியிலிருந்து அவள் அவரைக் கூப்பிடவில்லை என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்ன, தண்ணிக்குக் கலர் தெரிஞ்சுட்டா?"

"வடிவு, அன்னைக்குப் பாலத்துல வழுக்கலல்லா?"

அவள் ஒரு பூவைக் கிள்ளினாள். "எந்தப் பாலம்?"

"அந்த நடிப்பெல்லாம் வேண்டாம்."

"வழுக்கத்தான் செஞ்சுது."

"எட்டு எண்ணுத வரைக்குமா?"

அவள் சிரித்தாள், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த பூவையும் எடுக்கவில்லை. ஒரு வாக்கியம்தான் சொல்லவேண்டும், நான்கு சொல்கூட இல்லை. மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தது, சொல்லி முடித்த பிறகு அவள் முகம் எப்படி இருக்கும் என்பது வரைக்கும் பார்த்தது, அந்த முகம் ஒவ்வொரு தடவையும் நயினாரின் மனைவி முகமாகவே இருந்தது. எதிரே இருக்கிற முகம் அப்படி இல்லை. மூக்கு நுனியில் ஒரு துளி நல்லெண்ணெய் ஒட்டியிருந்தது.

"கை நடுங்குது, வடிவு."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"சட்டப் பொத்தான் போட அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டியள்லா, அப்போலேர்ந்து. பெறவு தபால்காரிட்ட எடது கைய நீட்டுனதக் கதவு இடுக்குல பாத்தேன்."

"பாத்துட்டுச் சும்மாவா இருந்தே? ஏன் கேக்கல?"

"கேட்டா ஒண்ணுமில்லன்னுருவிய." அவள் கையிலிருந்த பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க ஒருக்க ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டியன்னா பெறவு நா ரெண்டாந்தடவ எப்படிக் கேக்க? பொய் சொல்லுதியன்னு ஆயிரும்லா. அதான் நீங்களா வருவியன்னு இருந்தேன். வரக் காணோம். பொறுத்துப் பாத்து, வியாழக்கெழமைக்குப் பாளையங்கோட்டையில நரம்பு டாக்டர்ட்ட டோக்கன் போட்டுட்டேன்."

"எனக்கா?"

"என் பேர்ல."

"ஒனக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. எனக்குத் தலவலி, தொணைக்கு வாங்கன்னு சொன்னா வருவியள்லா."

"வந்து?"

"உள்ள போன பெறவு பாத்துக்கிடலாம்னு." இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது, வாய் சிரிக்கப் பார்த்தது. "மூணு நாளா தலவலிக்காரி மாதிரி நெத்தியப் பிடிச்சுக்கிட்டுத் திரியுதேன், ஒரு வார்த்த கேட்டியளா?"

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். சத்தமாக. தோள் மட்டுமல்ல, வயிறும் முகமும் சேர்ந்து. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு முழங்கையால் போனை அவர் பக்கம் தள்ளினாள், கையெல்லாம் எண்ணெய், நீங்களே போடுங்க, அந்த டாக்டர் நம்பர் மேலயே கெடக்கும், என்று. அவர் வலது கையாலேயே போனை எடுத்தார். அது நடுங்கியது. நடுங்கட்டும் என்று அவள் முன்னாலேயே விட்டு, எண்ணைத் தொட்டுக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வடிவு பாதி ஆய்ந்த பூவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வியாழக்கிழமை டோக்கன், பேர் மாத்தணும்மா," என்றார் அவர், எடுத்த பெண்ணிடம்.

"சண்முகவடிவுன்னு இருக்கு சார். அவங்களுக்கு இல்லையா? அப்ப யாருக்குப் பாக்கணும்?"

"எனக்குத்தாம்மா," என்றார் ஆவுடையப்பன்.